தேரிக்காட்டில் தண்ணீர் குடித்த மோட்டார்

தண்ணீரைப் பற்றித் திருநெல்வேலிக்காரர் யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் நான் இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன். கொழும்பில் எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. தாமிரபரணித் தண்ணீர் கற்கண்டாய் இனிக்குமாம், அதில் குளித்தவனுக்குத் தலைவலியே வராதாம். என் தகப்பனாரும் சாகும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் அந்த ஆற்றங்கரையிலேயே இல்லை. ஆற்றுக்குத் தெற்கே, தேரி என்று சொல்கிற செம்மணல் காட்டில், ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் காலையெல்லாம் நடக்கிற பக்கத்தில் இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்கா எஸ்தரைச் சாத்தான்குளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் கண்டித் தோட்டத்தில் உபதேசியார். நினைத்தபோது லீவு கிடைக்காது. அக்காவுக்கு முதல் இரண்டு பிரசவமும் வீட்டில் நடந்தன, இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்ததற்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட வேண்டும் என்று பாளையங்கோட்டை லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்த நாள் நெருங்கிவிட்டது. அத்தானுக்குப் பதில் நான் கப்பலேறினேன். யுத்தம் தொடங்கிய மறு வருஷம், பங்குனி மாதம்.

ரயிலில் எதிரே இருந்த ஒருவர் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று விசாரித்தார். மோட்டார் மெக்கானிக் என்று சொல்லித் தொலைத்தேன். திருநெல்வேலியில் இறங்கி, பாளையங்கோட்டைக்குப் போய், லேடி டாக்டரைப் பார்த்துப் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வெளியே வருவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். "கொழும்பு மெக்கானிக் அண்ணாச்சி நீங்கதானா? எங்க எசமான் உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்றான்.

அவன்தான் சுடலை. அவன் எசமான் அம்பாசமுத்திரம் பக்கத்து மிராசுதார். ஆற்றுப் பாசனத்தில் முப்போகம் விளைகிற நிலம், திருநெல்வேலியில் ஒரு பெரிய வீடு, வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு மோட்டார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் பல வருஷம் ஓட்டித் தேய்த்துவிட்டு இவர் தலையில் கட்டிய பழைய வண்டி. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பித்தளை விளக்குக்கு மாலையும் போட்டிருந்தார்கள்.

மிராசுதார் நல்ல மனிதர்தான். இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். விஷயத்தைக் கேட்டதும், "உம்ம அக்காளை நம்ம மோட்டார்ல போய்க் கூட்டிட்டு வருவோம் வே. நீரு வண்டிய ஒரு பார்வை மட்டும் பாரும்" என்றார். சாப்பாடும் போட்டார். கொழும்பில் சொதி என்றால் இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது. இங்கே சோற்றுக்கு ஊற்றி இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடுகிறார்கள். அருமையாக இருந்தது. ஆனால் இலை போட்டது வீட்டுக்குள் அல்ல, மோட்டார்க் கொட்டகையில். மோட்டாருக்கும் எனக்கும் ஒரே இடம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் அதுதான் உட்கார்ந்திருந்தது.

கை கழுவிவிட்டுச் சுடலையிடம் விசாரித்தேன். அவன் முன்பு மிராசுதாரின் வில்வண்டி ஓட்டியவன். மோட்டாரும் நன்றாகவே ஓட்டுவான் என்று பிறகு கண்டேன். தண்ணீர் எவ்வளவு ஊற்றுவாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"மடைக்கு மடை காட்டுவேன் அண்ணாச்சி. மாட்டுக்குக் காட்டுத மாதிரிதான். வாய்க்காலக் கண்டா நிப்பாட்டி ரெண்டு வாளி ஊத்துவேன். நல்லாக் குடிக்கும்."

மிராசுதாருக்கு அதில் ஒரே பெருமை. "மத்தவன் மோட்டாரு பெட்ரோலைக் குடிக்கும். நம்ம மோட்டாரு தாமிரபரணியக் குடிக்குது வே!"

மோட்டார் தண்ணீர் குடிக்கக் கூடாது. ரேடியேட்டரில் ஒரு முறை நிரப்பினால் அந்தத் தண்ணீரே எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மைல் கணக்கில் ஓடினாலும் கொஞ்சம்தான் குறையும். இரண்டு வாளி குடிக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கொட்டகைத் தரை காய்ந்து கிடந்தது. அப்படியானால் உள்ளேதான் போகிறது.

சுடலையை ஹேண்டில் சுற்றச் சொன்னேன். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் புகைக்குழாயில் கரும்புகைக்குப் பதில் இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல வெள்ளை ஆவி. ரேடியேட்டர் மூடியைக் கழற்றினால், வண்டி சூடாவதற்கு முன்பே தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் எஞ்சினுக்கு அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சிரட்டையில் பிடித்துக் காட்டினேன். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தது.

மிராசுதாருக்குப் புரியும்படி சொன்னேன். எஞ்சினின் உடம்பு வேறு, மேலே மூடுகிற தலை வேறு. நடுவில் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. நெருப்பு ஒரு அறையில், தண்ணீர் பக்கத்து அறையில். இரண்டும் கலக்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். அது வெந்து ஓட்டையாகிவிட்டது. தலையைக் கழற்றிப் புதுத் தகடு போடாமல் இந்த வண்டியைத் தூரம் ஓட்டக் கூடாது. யுத்தத்தால் சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை, ஆனாலும் நல்ல செப்புத் தகடு கிடைத்தால் நானே வெட்டிப் போட்டுவிடுவேன் என்றேன்.

"தலையைக் கழத்தவா?" என்று மிராசுதார் அரண்டு போனார். "துரை விக்கும்போதே சொன்னான், எஞ்சின் தலையில மட்டும் எவனையும் கை வைக்க விடாதேன்னு."

"துரை ஏன் விற்றார் என்று யோசித்தீர்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "கொழும்பாரே, நாலு வருசமா ஓடுத வண்டி. தண்ணி ஊத்துனா ஓடும். தண்ணிக்கா நமக்குப் பஞ்சம்?"

அதுதான் விஷயம். வேறு எந்த ஊரிலும் இந்த வண்டி ஒரு வாரத்தில் படுத்திருக்கும், யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். இங்கே எட்டுகிற இடத்திலெல்லாம் வாய்க்கால். ஓட்டைத் தகட்டோடு நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள், நோய் என்றே தெரியாமல். வெளியே போய் ஒரு வில்வண்டிக்காரனைப் பிடித்து, விடிந்ததும் வா என்று சொல்லி வைத்தேன்.

விடிந்தது. வண்டிக்காரன் வரவில்லை. ஹாரன் சத்தத்தோடு மோட்டார்தான் வந்து நின்றது. உள்ளே மிராசுதார், ஜரிகைத் தலைப்பாகையோடு.

"அந்த வண்டிக்காரனை நான்தான் போகச் சொல்லிட்டேன். மோட்டார் நிக்கையில மாட்டுவண்டியா? ஏறும் வே!"

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. பங்குனி அறுவடை நேரம். தெருத் தெருவாக அலைந்தும் வேறு வண்டி அகப்படவில்லை. அந்த ஊரில் அவர் பெயரைக் கேட்டால் வருகிறவனும் வரமாட்டான் என்பது வேறு. லேடி டாக்டர் இந்த வாரத்துக்குள் என்று சொல்லியிருந்தார். ஸ்பானர்களைச் சுருட்டி வைத்திருந்த தோல் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய செப்புக்குடம், வாயில் வெள்ளைத் துணி கட்டி இருந்தது. பரவாயில்லையே, எஞ்சினுக்குத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். "சேச்சே, அது எனக்கு. அந்தப் பக்கத்துத் தண்ணி நமக்கு ஒத்துக்காது" என்றார் மிராசுதார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோரமாகவே சாலை. இரண்டு பக்கமும் அறுத்தும் அறுக்காமலும் வயல், வாழை, மருத மரங்கள். கொழும்புச் சாலைகளில் இந்த வெயிலுக்குத் தார் உருகி ரிக்ஷாக்காரன் கால் பொசுங்கும். இங்கே நிழலிலேயே போனோம். சுடலை சொன்னபடியே மடைக்கு மடை நிறுத்தி வாளியை வீசினான். ஓரிடத்தில் எருமைகள் கிடந்த வாய்க்காலிலேயே மொண்டு ஊற்றினான். குதிரை வண்டியில் வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தம் மனைவியிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "இந்த நாட்டில் மோட்டாருக்கும் எருமைக்கும் ஒரே குளம்தான்" என்பது அதன் தமிழ். திருப்பிச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இருந்தது, நியாயம் இல்லை.

தெற்கே திரும்பியதும் பச்சை ஒரேயடியாகத் தீர்ந்துபோயிற்று. செம்மண், பனை, முள், மறுபடியும் பனை. சக்கரம் மணலில் புதைந்தது, எஞ்சின் அலறியது. வாளியிலும் தகரத்திலும் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் போயிற்று. பனைகளுக்கு நடுவே ஓலைக் குடிசைகள் கொஞ்சம் தெரிந்த இடத்தில், ரேடியேட்டர் மூடி வழியே ஆவி பீறிட்டு வண்டி நின்றது.

சத்தத்துக்குப் பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். ஆண்கள் பனை மேல் இருந்தார்கள். முன்னால் வந்தவள் பொன்னுத்தாய் என்று பிறகு தெரிந்தது; நடுவயதுக்காரி, கழுத்தில் ஒரு குருசு, கையில் பதநீர் காய்ச்சுகிற துடுப்பு.

"என்னய்யா இப்படிக் கொதிக்குது? பாவம், தண்ணி தவிக்குதோ?"

"ஆமாம்மா, தண்ணிதான். நாலு குடம் கொண்டாங்க" என்றார் மிராசுதார், வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே போய் மண்குடங்களைத் தூக்கிவந்தார்கள். சுடலை ஊற்ற ஊற்ற வண்டி குடித்துக்கொண்டே இருந்தது. கிணறு எங்கே என்று நான் கேட்டேன். "இங்கன கெணறு உப்பு. அந்தா அந்தத் தேரிக்கு அங்கிட்டு ஒரு ஊத்து இருக்கு. வெள்ளி முளைக்கப் போனா வெயில் ஏற வந்துருவோம்" என்றாள் பொன்னுத்தாய்.

அன்றைக்குச் சோறு பொங்குகிற தண்ணீர் அது. போதும் என்று சுடலையின் கையைப் பிடித்தேன். "தண்ணிதான வே" என்று மிராசுதார் சிரித்தார்.

பொன்னுத்தாய் எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். மிராசுதாருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "பெரியவுகளுக்கு நாங்க குடுக்க மாட்டோம்யா. குடுத்தா அவுகளுக்குச் சங்கடம்" என்றாள் தணிந்த குரலில். திரும்பிப் பார்த்தேன். மிராசுதார் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, வெள்ளைத் துணியை அவிழ்த்துச் செப்புக்குடத்திலிருந்து தாமிரபரணியைக் குடித்துக்கொண்டிருந்தார். 'ஒத்துக்காது' என்றதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவர் தொடாத தண்ணீரை இவருடைய மோட்டார் குடிக்கலாம். மோட்டாருக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

பொழுது சாயும் நேரம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, "தம்பி, இந்தத் தடவை பிழைக்குமாடா?" என்று மட்டும் கேட்டாள். பிழைக்கும் என்றேன். மாட்டுவண்டி தேடினேன். ஊரில் இருந்த இரண்டு வண்டியும் காயல்பட்டினத்து வியாபாரிகளுக்குக் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தன. அந்தக் கருப்பட்டி கப்பலேறி எங்கள் கொழும்புக் கடைக்குத்தான் வரும். நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை, வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வாங்கிய தண்ணீரோடு கிளம்பினோம். அக்கா பின்னால் தலையணையில் சாய்ந்திருந்தாள். பொன்னுத்தாயின் குடியிருப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மறுபடியும் ஆவி விட்டது. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "லேசா வலிக்குது, சூட்டு வலியா இருக்கும்" என்றாள். அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் பொன்னுத்தாய் வீட்டில் படுக்க வைத்தேன். பொன்னுத்தாய் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரமிருக்கு, ஆனா ரொம்ப இல்லய்யா" என்றாள். மாட்டுவண்டி உண்டா என்றேன். இருந்த ஒன்றும் காயல்பட்டினம் போயிருந்தது. ஒரு குடம் தண்ணீரை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மணலில் திரும்பி வந்தேன்.

பாதி வழியிலேயே வாசனை வந்தது. கருப்பட்டி காய்ச்சுகிற வாசனை. சுற்றுமுற்றும் அடுப்பு எதுவும் இல்லை. ஓடினேன்.

வண்டியைச் சுற்றிப் பதநீர்க் கலயங்கள் கிடந்தன. பக்கத்துப் பனையில் ஏறிக்கொண்டிருந்தவரை இறக்கி, அவர் அன்றைக்கு இறக்கிய பதநீர் முழுவதையும் மிராசுதார் ரேடியேட்டரில் ஊற்றச் செய்திருந்தார்.

"தண்ணிய விட இது குளிர்ச்சி வே. மனுசனுக்கே சூட்டைத் தணிக்கும்போது மோட்டாருக்குத் தணிக்காதா?"

என்ன சொல்வது! பதநீரைச் சுட வைத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பனங்காட்டில் கைக்குழந்தைக்குத் தெரியும். பனையேறியும் சொல்லிப் பார்த்தாராம்: "பாகாயிரும் எசமான்னு சொன்னேன், கேக்கல்ல." ஆச்சரியம், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னைவிட நன்றாகவே ஓடியது. பாகு போய்த் தகட்டின் ஓட்டையை அடைத்திருக்கும். "பாத்தீரா!" என்று மிராசுதார் தலைப்பாகையைச் சரிசெய்தார். ஏறி உட்கார்ந்து குடியிருப்பு வரை ஓட்டிப்போகவும் செய்தார்கள். பொன்னுத்தாய் வீட்டு முன்னால் வந்ததும் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். நின்றது. சுடலை ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தும் அது அசையவில்லை.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கொழும்புத் துறைமுகத்தில் கற்றுக்கொண்டதும் அதில் உண்டு. மிராசுதாரை அந்த மாதிரி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவர் பனை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அக்கா முனகுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

எஞ்சின் ஆறியதும் யாரிடமும் கேட்காமல் தலையைக் கழற்றினேன். தூக்கியதும் சுற்றி நின்ற பெண்கள் "யேசுவே" என்றார்கள். இரண்டு சிலிண்டரிலும் கருப்பட்டி. கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவைத்ததுபோல இறுகிக் கிடந்தது. தகட்டில் சிலிண்டருக்கும் தண்ணீர்த் துவாரத்துக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு எரிந்து போயிருந்தது. நாலு வருஷத் தாமிரபரணி அத்தனையும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

கருப்பட்டியைக் கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். தகடு வெட்டச் செம்பு வேண்டும். அந்தக் குடிசைகளில் மண்பானையும் இரும்புச் சட்டியும் தவிர வேறில்லை. பொன்னுத்தாய் எனக்குத் தண்ணீர் கொடுத்த செம்பு உள்ளங்கை அகலம். நான் வாங்கிய குடத்தைத் திருப்பிக் கொடுத்தும், தண்ணீர் அன்றைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வாய் இல்லை. நான் நேரே மிராசுதாரிடம் போனேன்.

"அந்தக் குடத்தைக் கொடுங்கள்."

"எதுக்கு?"

"வெட்ட."

"எங்கப்பா காலத்துக் குடம் வே அது! அதுல ஆத்துத் தண்ணி இருக்கு. நான் என்னத்தக் குடிக்க?"

"உங்கள் வண்டி குடித்ததைக் குடியுங்கள்."

அவர் எழுந்து வண்டிப் பக்கம் ஓடினார். அதற்கு முன்பே சுடலை குடத்தை இறக்கி என் கையில் வைத்துவிட்டான். "ஏலே சுடலை!" என்று ஒரு சத்தம். சுடலை தலையைக் குனிந்துகொண்டே, "உள்ள ஒரு புள்ளத்தாச்சி துடிக்கா எசமான்" என்றான்.

பொன்னுத்தாய் பதநீர் காய்ச்சுகிற சட்டியில் தாமிரபரணித் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். வெளிச்சம் இருக்கிறவரை நானும் சுடலையும் ஊற்றி ஊற்றிச் சுரண்டினோம். பிஸ்டன் இளகி ஹேண்டில் அசைந்தபோது சூரியன் பனைக்குப் பின்னால் போய்விட்டது. இரவு எல்லாருக்கும் கூழும் சுட்ட கருவாடும் கிடைத்தன. கொழும்பில் எத்தனையோ கருவாடு தின்றிருக்கிறேன், பசியும் கோபமுமாய் அங்கே தின்றதற்கு ஈடில்லை. மிராசுதார் நுங்கு மட்டும் சாப்பிட்டார். நுங்கைக் கடவுளே மூடி வைத்திருக்கிறார், அதற்குச் சங்கடம் கிடையாது.

விடிந்ததும் குடத்தைக் கவிழ்த்து அடியை வெட்டி எடுத்தேன். பக்கவாட்டைப் பிளந்து, கல்லில் வைத்து அடித்துத் தட்டையாக்கினேன். பனைமட்டை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இரும்பு விறைக்கும், செம்பு மெதுவாகும். அப்படி மெதுவான தகட்டின் மேல் பழைய கேஸ்கெட்டை வைத்துக் கரியால் வரைந்து, உளியால் கொத்தி ஒவ்வொரு துவாரமாக எடுத்தேன். கலயத்துக்குத் தடவுகிற சுண்ணாம்பை முட்டை வெள்ளைக் கருவில் குழைத்து இரண்டு பக்கமும் பூசினேன். தலையை வைத்துப் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, ஒன்றுவிட்டு ஒன்றாக, பைய இறுக்கினேன். அடியில் இருந்த பால் எண்ணெயைக் கொட்டிவிட்டு, வண்டியில் தகரத்தில் இருந்த எண்ணெயை ஊற்றினேன். வேலை நடக்கும்போதெல்லாம் உள்ளே அக்காவின் குரல் கேட்டது. முந்தின நாளைவிட அடிக்கடி கேட்டது.

ரேடியேட்டரை நிரப்பத் தண்ணீர் வேண்டுமே! நான் வாய் திறக்கவில்லை. அன்று காலை ஊற்றிலிருந்து கொண்டுவந்த குடங்களைப் பெண்கள் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். "இதுதான் கடைசி" என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். "அதனால என்னய்யா, குடிக்கட்டும்" என்றாள். அவள் நம்பவில்லை.

சுடலை ஹேண்டிலைச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் பிடித்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பின்னால் வெள்ளை ஆவியும் இல்லை, கொஞ்சம் கருப்பட்டி வாசனை மட்டும் வந்தது.

அக்காவை ஏற்றினோம். வழிக்கு என்று பொன்னுத்தாய் ஒரு சின்ன மண்கலயத்தில் தண்ணீர் கொடுத்தாள். மணல் தாண்டுவதற்குள் மிராசுதாரின் உதடு வெடித்துவிட்டது. பெற்றெடுக்கப் போகிற வலியிலும் அக்காதான் அதைக் கவனித்தாள். "ஐயா, கொஞ்சம் குடிங்க" என்று கலயத்தை நீட்டினாள். "வேண்டாம்மா, தாகமில்ல" என்று அந்த மனிதர் பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டம் வாய்க்காலைக் கண்டதும் சுடலையின் கால் பழக்க தோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. அவன் மூடியைத் திறந்து பார்த்து, "அண்ணாச்சி, அப்படியே இருக்கு" என்று கூவினான். அதற்குள் மிராசுதார் குதித்திறங்கி, வேட்டி நனைய, இரண்டு கையாலும் வாய்க்காலை அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். சற்று மேலே எருமைகள் கிடந்தன. "போதும், ஏறுங்கள்!" என்று நான் கத்தினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பாளையங்கோட்டை. லேடி டாக்டர் அக்காவைப் பார்த்ததும் நர்சிடம் இங்கிலீஷில் படபடவென்று பேசினார். "தாமதம்தான். ஆனால் கைமீறிப் போகவில்லை" என்பது எனக்குக் கேட்டது. மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, அழுகை வெளி வராந்தா வரை வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மிராசுதார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், தன் அப்பா குடம் ஒரு உயிரைக் காப்பாற்றியதென்று. சந்தோஷத்தில், அக்காவின் ஊருக்குப் போய்ச் செய்தி சொல்லிவர மோட்டாரையே கொடுத்தார். அவர் வரவில்லை. நானும் சுடலையும் மட்டும் போனோம். ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தவில்லை. தெற்கே திரும்பி, மணலில் அலறி, பனைகளுக்கு நடுவே அந்தக் குடிசைகள் தெரிந்ததும் பொன்னுத்தாயிடம் குழந்தை விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் சத்தம் தூரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். சாலையோரம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குடம், வாய்வரை தண்ணீர். வண்டி நின்றதும் முதலில் நின்றவள் குடத்தை இறக்க ஆரம்பித்தாள்.

"வேண்டாம், வேண்டாம்! வண்டி சரியாகிவிட்டது. இனிமேல் தண்ணீர் குடிக்காது" என்று நான் கையை ஆட்டினேன்.

அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஒருத்தி கண்ணை மூடித் திறந்தாள். ஒருத்தி தன் குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அத்தனை குடம் ஊற்றியபோதும் ஒருத்திகூட முகம் கோணியதில்லை.

பொன்னுத்தாய் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொறவு என்னத்துக்குய்யா நிப்பாட்டுனீய?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். எங்களைப் போன்றவர்கள் எதையாவது வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தில் நின்றதை அவள் பார்த்ததில்லை. குழந்தை பிறந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் மேலேயே வந்த கோபத்தில், எஞ்சினை அணை என்று முதலில் சுடலையிடம்தான் கத்தினேன்.